கேலக்ஸிகள் மோதினால் விண்மீன்கள் ஏன் பிறக்கின்றன?

1941-ல் கேலக்ஸிகளின் மோதலைக் கணக்குப் போட்டுத் தரக் கணினி கிடையாது. ஆனாலும் இரண்டு கேலக்ஸிகள் நெருங்கி வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஸ்வீடன் நாட்டு வானியலாளர் எரிக் ஹோல்ம்பெர்க் ஆசைப்பட்டார். அவர் பிடித்த வழி எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. ஒரு கேலக்ஸிக்கு 37 மின்விளக்குகள், இரண்டுக்கும் சேர்த்து 74. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். ஈர்ப்பு விசையும் அதே கணக்கில்தான் குறையும். ஆகவே ஒரு விளக்கு இருக்கும் இடத்தில் ஒளிமின்கலத்தை வைத்து, மற்ற விளக்குகளின் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வருகிறது என்று அளந்தால், அந்த 'விண்மீன்' எந்தப் பக்கம் எவ்வளவு இழுபடுகிறது என்று தெரிந்துவிடும். அளப்பார், ஒவ்வொரு விளக்கையும் கொஞ்சம் நகர்த்துவார், மறுபடி அளப்பார். இப்படியே தொடர்ந்ததில் விளக்குக் கூட்டங்களின் வடிவம் குலைந்து கைகள்போல நீண்டன. நெருங்கிக் கடக்கும் இரண்டு கேலக்ஸிகள் ஒன்றின் பிடியில் ஒன்று சிக்கிக்கொள்ளவும் கூடும் என்று அவர் காட்டினார்.

விளக்குகளால் காட்ட முடியாத ஒரு பொருள் கேலக்ஸிக்குள் இருக்கிறது: வாயு. விண்மீன் பிறப்பின் கதை முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

மோதல் என்றதும் விண்மீன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்றுதான் மனம் நினைக்கும். அப்படி நடப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். சூரியனை ஒரு மில்லிமீட்டர் மணல் துகளாகச் சுருக்கிப் பாருங்கள். மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி, சுமார் 29 கிலோமீட்டர் தள்ளி அதைவிடச் சின்னத் துகளாக இருக்கும். இவ்வளவு விலகி நிற்கும் துகள்களைக் கொண்ட இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போனால் எது எதன்மேல் மோதும்?

வாயு மேகங்களின் நிலைமை வேறு. ஒவ்வொன்றும் பத்து, நூறு ஒளியாண்டு அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. அவை எதிரெதிரே வந்தால் விலகிப் போக இடமில்லை. நட்சத்திரம் உருவாகும் மூலக்கூறு மேகங்கள் மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தவை. அந்தக் குளிரில் ஒலி நொடிக்கு அரை கிலோமீட்டர்கூடப் போகாது. ஆனால் மோதும் கேலக்ஸிகளின் வேகமோ நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். எதிரே வாயு வருகிறது என்ற 'செய்தி' மேகத்துக்குள் பரவுவதற்கு முன்பே அது வந்து மோதிவிடுகிறது. அங்கே அதிர்வலை கிளம்புகிறது, வாயு நசுங்கிச் சூடாகிறது.

சூடான வாயு விரியத்தானே வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அடர்ந்த வாயு தன் வெப்பத்தை ஒளியாக வெளியே கொட்டிவிட்டுச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். நெருக்கம் மட்டும் மிஞ்சும். ஒரு மேகத்தை அதன் எடை உள்ளே இழுக்கிறது, வெப்பத்தின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. சாதாரண நாட்களில் இரண்டும் ஏறக்குறையச் சமம். அடர்த்தி கூடி, வெப்பம் போய்விட்டால் ஈர்ப்பு ஜெயித்துவிடும். மேகம் துண்டு துண்டாக உடைந்து சரிகிறது. அதனால்தான் இங்கே விண்மீன்கள் தனியாகப் பிறப்பதில்லை, கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன.

காக விண்மீன் கூட்டத்தின் திசையில், 6 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், ஆன்டெனா கேலக்ஸிகள் என்ற ஜோடி இருக்கிறது. பூச்சியின் உணர்கொம்புகள்போல இரண்டு நீண்ட வால்கள் அவற்றுக்கு உண்டு. இந்த வால்களை இழுத்து நீட்ட ஈர்ப்பு ஒன்றே போதும் என்று 1972-ல் ஆலார் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் கணினியில் காட்டினார்கள். ஹபிள் தொலைநோக்கி பார்த்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விண்மீன் கொத்துகள் அங்கே தெரிந்தன. மிக மும்முரமான பிறப்பு நடக்கும் இடங்களில் ஒன்று, இரண்டு மையங்களுக்கும் நடுவே இரு கேலக்ஸிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி. வாயுவும் வாயுவும் சந்திக்கும் இடம் அது.

நேரடியாக மோதாத வாயுவுக்கும் வேலை உண்டு. அமைதியான கேலக்ஸியில் வாயு மையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழற்சிதான் அதை உள்ளே விழாமல் காக்கிறது. பக்கத்துக் கேலக்ஸி நெருங்கிப் போகும்போது விண்மீன்கள் நீளமான பட்டைபோலத் திரள்கின்றன. வாயு இந்தப் பட்டைக்குச் சற்று முன்னால் ஓடுகிறது, பட்டை அதைப் பின்னுக்கு இழுக்கிறது. சுழற்சியை இழந்த வாயு மையத்தை நோக்கிச் சரிந்து, ஒரு சின்ன இடத்தில் குவிந்துவிடுகிறது.

அப்படிக் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்ப் 220 சாட்சி. இரண்டு கேலக்ஸிகள் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்ட நிலை. நம் பால்வீதியில் வருடத்துக்கு ஓரிரு சூரியன்களின் எடையளவு வாயு விண்மீன்களாக மாறுகிறது. ஆர்ப் 220-ல் அது நூறு மடங்குக்கும் மேல். ஆனால் சாதாரண ஒளியில் பார்த்தால் இது தெரியாது, தூசி மறைத்துவிடும். அந்தத் தூசி சூடாகி அகச்சிவப்பில் ஒளிரும். 1983-ல் ஐராஸ் செயற்கைக்கோள் வானத்தை அகச்சிவப்பில் அலசிய பிறகுதான் இப்படிப்பட்ட கேலக்ஸிகள் ஏராளமாகத் தெரியவந்தன. அவற்றில் மிகப் பிரகாசமானவை பெரும்பாலும் மோதும் ஜோடிகள்தான்.

இந்த வேகம் ரொம்ப நாள் நீடிக்காது. பிறந்தவற்றில் கனமானவை சில பத்து லட்சம் முதல் சில கோடி ஆண்டுகளில் சூப்பர்நோவாவாக வெடித்து, மீதி வாயுவை வெளியே ஊதித் தள்ளுகின்றன. எம்82 கேலக்ஸியின் தட்டுக்கு மேலும் கீழும் சிவப்பாகப் பீறிடும் வாயு இதைக் கண்முன் காட்டுகிறது.

சரி, நமக்கு என்ன நடக்கும்? 25 லட்சம் ஒளியாண்டு தூரத்திலிருந்து ஆண்ட்ரோமெடா என்ற பக்கத்துக் கேலக்ஸி நொடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கிக்கொண்டிருக்கிறது. மோதல் உறுதி என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2025-ல் வந்த ஒரு கணக்கு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் அதற்கு ஏறக்குறையப் பாதி வாய்ப்புதான் என்றது. மோதினாலும் ஆர்ப் 220 போன்ற கொண்டாட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்றே நினைக்கிறேன். இரண்டு கேலக்ஸிகளும் தங்கள் வாயுவில் பெரும்பங்கை ஏற்கெனவே விண்மீன்களாக்கிச் செலவழித்துவிட்டன.