நாக்குப் போல நீண்ட ஈரல் புற்றுநோய் அல்ல

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வந்த அம்மா கதிரையில் இருக்கக்கூட இல்லை. ஸ்கான் ரிப்போட்டை நீட்டிவிட்டு அழத் தொடங்கினார். ஈரலின் வலது பக்கம் நாக்குப் போலக் கீழே நீண்டிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. அதை வாசித்த யாரோ புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். காப்பை அடகு வைத்துக் கொழும்புக்குப் போக வெளிக்கிட்டிருந்தார். இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

அம்மா, அதன் பெயர் றீடல் மடல். பெண்களில் கூடுதலாகக் காண்கிறோம். தொட்டால் கட்டி மாதிரித் தட்டுப்படும், டொக்டர்மாரும் ஏமாறுவதுண்டு. ஆனால் அது நல்ல ஈரல்தான், மருந்து வேண்டாம். ஈரல் எல்லாருக்கும் ஒரே அச்சு, மாறியிருந்தால் வருத்தம் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விடுங்கள். வெளி வடிவத்தை விட உள்ளே ஓடும் குழாய்கள்தான் ஆளுக்கு ஆள் கூடுதலாக மாறும். 200 உடல்களை அறுத்துப் பார்த்த மிச்செல்ஸ் என்ற உடற்கூற்றியல் அறிஞர், 1966இல் ஈரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியை 10 வகையாகப் பிரித்தார். பாடப்புத்தகப் படம் போல இருந்தது பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்களுக்குத்தான். சிலருக்கு வலது ஈரலுக்கான நாடி, குடலுக்குப் போகும் நாடியிலிருந்து கிளம்பி வரும். அவர்கள் அது தெரியாமலே பேரப்பிள்ளை காண்கிறார்கள்.

கத்தி வைக்கும்போதுதான் அது எங்களுக்கு முக்கியம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விதைக்கிறவருக்குத் தெரியும், எந்த வாய்க்கால் யாருடைய வயலுக்குப் போகிறது என்று பார்க்காமல் மறித்தால் என்ன நடக்கும் என்று. சிலருக்கு வலது ஈரலின் பித்தக்குழாய் ஒன்று, பித்தப்பைக் குழாயை ஒட்டியே இறங்கும். பித்தப்பையை எடுக்கும்போது அதை மாறி வெட்டினால் பித்தம் வயிற்றுக்குள் கசியும். அதனால் ஒரு குழாயும் ஒரு நாடியும் மட்டுமே பித்தப்பைக்குள் போவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் கிளிப் போடுகிறோம். தெளிவில்லை என்றால் சின்ன ஓட்டைகள் வழியாகச் செய்வதை விட்டு வயிற்றைத் திறப்போம். "பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாலு ஓட்டையோடு முடிந்தது, எனக்கேன் வெட்டினீர்கள்?" என்று கோபிக்காதீர்கள். உங்கள் குழாயைக் காப்பாற்றத்தான் வெட்டினோம்.

பித்தக்குழாய்களின் போக்கைப் பார்க்கச் சிலரை எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவோம். அது பலத்த காந்தம். உடம்பில் செல் பீஸ் (சண்டையில் பாய்ந்த குண்டுத் துண்டு) இருந்தால், முக்கியமாகக் கண்ணுக்குக் கிட்ட இருந்தால், உள்ளே போக முன்னரே சொல்லுங்கள். "பழசுதானே" என்று மறைக்க வேண்டாம். 2009இலோ அதற்கு முன்னரோ வயிற்றில் ஒப்பரேசன் நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், குடல் ஈரலோடு ஒட்டியிருக்கலாம்.

பித்தப்பை எடுத்த பிறகு கண் மஞ்சளானால், காய்ச்சலோடு வயிறு நொந்தால், கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் கிடக்காதீர்கள். அன்றைக்கே வாருங்கள்.

பழைய ரிப்போட்டுகளை ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. சண்டையில் எல்லாம் போய்விட்டது என்றால் தழும்பைக் காட்டி, நினைவில் உள்ளதைச் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.