சீல் மேல் பழி போடும் முன்

ஆயில் கசிகிறது என்று இந்த ஆவணியில் மட்டும் வந்த நான்காவது வண்டி இது. களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டத்தில் ஓடும் பழைய மினி டிராக்டர். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். "கிராங்க் சீல் போய்விட்டது அண்ணாச்சி, மாற்றிக் கொடுங்கள்" என்று புது சீலையும் கையோடு வாங்கி வந்திருந்தார் உரிமையாளர். கிராங்க் ஷாஃப்ட் எஞ்சினை விட்டு வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுத்து நிறுத்துகிற வளையம்தான் அந்த சீல். ஆறு மாதத்தில் வேறொரு பட்டறையில் மூன்று முறை மாற்றியிருக்கிறார்கள். மூன்று முறையும் கிளட்ச் வரை பிரித்திருக்கிறார்கள். ஒருமுறையாவது எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடுகிற பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார்களா என்று கேட்டேன். "அது என்னது?" என்றார்.

கழற்றினேன். வாயை வைத்து ஊதினால் காற்று போகவில்லை. கம்பியால் குத்தினால் செம்மண் உதிர்ந்தது. கூடவே காய்ந்த சிலந்திகள். குளவி கூடு கட்டியிருக்கிறது! குழாயைச் சுத்தம் செய்து மாட்டி, ஆயிலை அளவுக்குக் கொண்டுவந்து, இரண்டு நாள் தோட்டத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கசிவு இல்லை. நான்காவது சீல் உறை பிரிக்காமல் கடைக்கே திரும்பிப் போனது.

ஆயில் சொட்டுகிற இடத்தில்தான் கோளாறு இருக்கிறது என்ற நம்பிக்கையை எப்படித்தான் மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஓட்டு வீட்டில் மழை ஒழுகினால், தண்ணீர் விழுகிற இடத்துக்கு நேர் மேலே உள்ள ஓடுகளையா மாற்றுகிறோம்? கைமரத்தைப் பிடித்துக்கொண்டு எங்கிருந்து வருகிறது என்று மேலே ஏறித் தேடுகிறோம் அல்லவா! எஞ்சினிலும் அப்படித்தான். எஞ்சின் உச்சியில் மூடியாக இருக்கும் டேப்பெட் கவரின் பின்மூலையில் கசிகிற ஆயில் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். பார்க்கிறவர் கிராங்க் சீல் என்பார். முன்பக்கம் ஃபேன் இருந்தால் இன்னும் மோசம்: ஒரு துளி ஆயிலைக் காற்று பின்னால் விசிறி எஞ்சின் முழுக்கப் பூசிவிடும். ஈரமாக இருக்கும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ அங்கே தேட வேண்டும். சீல் உண்மையாகவே போயிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது; பிரிக்கும் செலவே சீல் விலையைப் போலப் பல மடங்கு.

பிரீதர் அடைத்தால் ஏன் கசிகிறது? எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் பிஸ்டன் 2,000 முறை கீழே இறங்குகிறது. இறங்கும்போதெல்லாம் அடியில் இருக்கும் காற்றைத் தள்ளுகிறது. தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாக இறங்கும் புகையும் அதோடு சேர்கிறது. போக வழி இல்லையென்றால் சீலின் உதட்டையும், மூடிகளுக்கு அடியில் வைக்கிற பேக்கிங்கையும் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். ஆயிலை அளவுக் கம்பியின் மேல்கோட்டுக்கு மேலே ஊற்றினாலும் ஏறக்குறைய இதே கதைதான். வரப்போரம் சாய்த்து நிறுத்திவிட்டு அளவுக் கம்பியைப் பார்க்காதீர்கள். சமதரையில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, கம்பியைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். கசிகிற வண்டியில் ஆயில் குறையாமல் கூடுகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள். டீசல் உள்ளே இறங்குகிறது. முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

தேடும் முறை எளிது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஏர் ஃபில்டர் வாயையும் டைனமோவையும் பாலித்தீனால் கட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துத் துடையுங்கள். கன்னடியன் கால்வாயில் இறக்கிக் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கைகூப்பிக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் கீழே நாற்றங்காலுக்குப் போகிறது. காய்ந்ததும் பாலித்தீனைக் கழற்றிவிட்டு, பிள்ளைக்குப் போடுகிற முகப்பவுடரைச் சந்தேகப்படும் இடங்களில் தூவி, கால் மணி நேரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் முதலில் எங்கே கறுப்புக் கோடு இழுக்கிறதோ அங்கேதான் கசிவு. பார்க்கும்போது தோளில் துண்டு வேண்டாம், வேட்டி நுனி தொங்க வேண்டாம். ஃபேன் பெல்ட்டுக்கு எதுவும் தெரியாது. பெரும் அழுத்தத்தில் டீசல் ஓடுகிற நாசில் குழாயில் கசிவா என்று விரலால் தடவவே தடவாதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்துக்கொண்டு டீசலை உள்ளே ஏற்றிவிடும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

டேப்பெட் கவர் கசிந்தால் போல்ட்டை இன்னும் முறுக்குவது வழக்கம். தகரக் கவரை முறுக்க முறுக்க, போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து நடுவில் தூக்கிக்கொள்ளும். அப்புறம் எந்தப் பேக்கிங்கும் உட்காராது. கவரைக் கழற்றிக் கட்டையின் மேல் வைத்து, சிறு சுத்தியலால் தட்டிச் சமப்படுத்திப் புதுப் பேக்கிங் போடுங்கள். பேக்கிங்கில் பூசுகிற பசையைப் பல்பசை போலப் பிதுக்கிவிடுவது அடுத்த கொடுமை. வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே பிதுங்குவது? ஒருமுறை அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கியபோது, ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் புளியங்கொட்டை அளவுக்குப் பசைக்கட்டி ஒட்டியிருந்தது. ஆயில் ஏறாமல் பேரிங் தீய்ந்த பிறகுதான் அந்த வண்டி என்னிடம் வந்தது. டிரெயின் பிளக்கில் செம்பு வாஷரை மாற்றினாலே பாதி அடிக்கசிவு நின்றுவிடும்.

"கெட்டியான கியர் ஆயில் கொஞ்சம் கலந்தால் நின்றுவிடும்" என்று யாராவது சொன்னால் அவரிடமே வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.

சீல்தான் என்று உறுதியானால், மாற்றுகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: ஷாஃப்டில் பழைய சீல் உதடு ஓடிய இடத்தில் நகத்தை இழுத்துப் பார்த்தாரா? நகம் பள்ளத்தில் தட்டினால் புது சீலும் அதே பள்ளத்தில்தான் உட்காரும், கசியும். இடம் இருந்தால் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி அடிக்கச் சொல்லுங்கள். உதட்டில் ஆயில் தடவாமல் அடித்தால் முதல் ஓட்டத்திலேயே எரிந்துவிடும்.

குளவிக்காரரின் குழாய் நுனியில் கொஞ்சம் பெரிய கண் உள்ள கம்பி வலை கட்டிக் கொடுத்திருக்கிறேன். நுண்ணிய வலை வேண்டாம், அது ஆயிலும் தூசியும் படிந்து தானே அடைத்துக்கொள்ளும். மற்றவர்கள், பாபநாசம் அணையில் பிசான நெல் பருவத்துக்குத் தண்ணீர் திறந்த அன்று வரிசையில் நிற்காமல் புரட்டாசிக்குள் வாருங்கள். வரும்போது வண்டியைப் பளபளவென்று கழுவிக்கொண்டு வராதீர்கள். அந்த அழுக்கை நான் முதலில் பார்க்க வேண்டும்.