கல்லறைக் கற்கள் எப்படிச் சிதைகின்றன: அயோவா சிட்டியின் ஓக்லாந்து கல்லறைத் தோட்டம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அயோவா ஆற்றங்கரையில் இருக்கும் சிறு நகரம் அயோவா சிட்டி. 1857 வரை அதுதான் தலைநகர். 1843இல், அயோவா இன்னும் மாநிலமாகாத காலத்தில், பிரதேச சட்டமன்றம் நகர மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம்தான் ஓக்லாந்து கல்லறைத் தோட்டம். இன்றும் நகராட்சிதான் அதைப் பராமரிக்கிறது. பிரதேசத்தின் முதல் ஆளுநர் ராபர்ட் லூகாஸ், உள்நாட்டுப் போர்க்கால ஆளுநர் சாமுவேல் கிர்க்வுட் ஆகியோரின் கல்லறைகள் இங்கே இருக்கின்றன. ஆனால் இந்த இடத்தின் வரலாற்றைப் படிக்கப் பெயர்கள் மட்டும் போதாது. கல் என்ன வகை என்று பார்த்தால் அது நடப்பட்ட காலம் ஏறத்தாழப் பிடிபடும். எப்படிச் சிதையும் என்பதும், பழுதுபார்க்கும்போது எதைச் செய்யவே கூடாது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ரயில் வருவதற்கு முன்பு கனமான கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவருவது பெரும் செலவு. படகில் வந்தது போக, பக்கத்துக் குவாரிகளில் கிடைத்த சுண்ணாம்புக்கல்தான் கைக்கு எட்டியது. 1856 பிறக்கும் வேளையில் தண்டவாளம் அயோவா சிட்டியைத் தொட்டது. அதன் பிறகு கிழக்கே வெர்மான்ட் மாநிலத்தின் வெள்ளைச் சலவைக்கல் இந்தப் பகுதிக்குத் தாராளமாக வந்தது. 1870களிலிருந்து இந்தியானாவின் பெட்ஃபோர்ட் சுண்ணாம்புக்கல், வெட்டப்பட்ட மரத்தின் அடித்தண்டு வடிவில் செதுக்கப்பட்டு மத்திய மேற்கு முழுவதும் பரவியது. அதே காலத்தில் துத்தநாக வார்ப்புகளும் வந்தன. காற்றழுத்த உளி பரவிய பிறகு, அதாவது ஏறத்தாழ 1890களுக்குப் பின், கிரானைட் மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. கிரானைட்டில் மழை கரைக்கக்கூடிய கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) கிடையாது. அது நூறு ஆண்டு கடந்தும் கூர்மையான எழுத்தோடு நிற்கும். பிரச்சினை எல்லாம் அதற்கு முந்தைய கற்களில்தான்.

சலவைக்கல் என்பது முழுக்க முழுக்க கால்சைட் படிகங்கள். மாசு இல்லாத மழைநீரே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சுமார் 5.6 பி.எச். அளவில் லேசான அமிலமாக விழுகிறது. அது கால்சைட்டைக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துக்கொண்டு போகும். நிலக்கரி எரித்த காலத்தில் கந்தக டை ஆக்சைடும் சேர்ந்தது. மழை நேரடியாக அடிக்கும் முகப்பில் கல் கரைந்து போனது. மழை படாத மடிப்புகளில், சிற்பத்தின் கழுத்துக்குக் கீழே, கந்தகம் கால்சைட்டோடு சேர்ந்து ஜிப்சமாகி, புகைக்கரியைப் பிடித்துவைத்துக் கறுப்பு ஓடாக நின்றது. ஒரே கல்லில் வெள்ளையாக இருக்கும் பகுதிதான் அதிகம் தேய்ந்தது. கறுத்த பகுதி அழுக்கானது, ஆனால் அளவில் குறையவில்லை. பார்ப்பவர்கள் பலரும் இதை நேர்மாறாகவே நினைக்கிறார்கள்.

தேய்மானத்தின் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). 15 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் 120 ஆண்டில் 1.8 மி.மீ. போய்விடும். 2 மி.மீ. ஆழத்துக்கு வெட்டிய எழுத்தின் கூர்மையான விளிம்பு அதற்குள் காணாமல் போயிருக்கும். தேய்மானத்தை ஒப்பிட நல்ல அளவுகோல், உள்நாட்டுப் போர் வீரர்களுக்கு அரசு வழங்கிய சலவைக்கற்கள். 1873இல் வகுத்த விதிப்படி அவை 10 அங்குல அகலம், 4 அங்குலத் தடிமன் கொண்டவை. தொடக்க அளவு தெரிந்துவிட்டதால், ஒரு காலிபரை வைத்து உச்சியிலும் மண்ணை ஒட்டிய இடத்திலும் தடிமனை அளந்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

மழை மட்டும் காரணமல்ல. கால்சைட் படிகம் சூடானால் ஒரு திசையில் விரிகிறது, அதற்குக் குறுக்கே உள்ள திசைகளில் சற்றே சுருங்குகிறது. பக்கத்துப் பக்கத்துப் படிகங்கள் வெவ்வேறு திசையில் அமைந்திருப்பதால், ஒவ்வொரு கோடையிலும் ஒன்றையொன்று தள்ளி, இடையிலுள்ள பிடிப்பு தளர்கிறது. அந்த இடைவெளியில் நீர் புகும். அயோவாவின் குளிர்காலத்தில் நீர் உறைந்து உருகி மறுபடி உறையும். உறையும்போது கன அளவு 9 சதவீதம் பெருகும். கடைசியில் மேற்பரப்பை விரலால் தடவினாலே கல் சீனி போல உதிரும். அந்த நிலைக்கு வந்த கல்லைச் சுத்தம் செய்யவே கூடாது. பிரஷ் பட்டால் எழுத்தும் கூடவே வந்துவிடும்.

உறுதியாக இருக்கும் கல்லைச் சுத்தம் செய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் சுத்தமான நீரால் கல்லை நன்றாக நனைக்க வேண்டும். உலர்ந்த கல் எதை ஊற்றினாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு மென்மையான நைலான் அல்லது நார் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் கீழே கோடு கோடாக வழிந்து கறையாகும். ஒட்டியிருக்கும் லைக்கனை (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வளரும் படிவு) மரக் குச்சியாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ எடுக்கலாம். சில வகை லைக்கன்கள் ஆக்சாலிக் அமிலம் சுரந்து கல்லை அரிப்பவை. அதனால் மிச்சமிருப்பதைக் கொல்ல டி/2 போன்ற, பிளீச்சும் அமிலமும் இல்லாத உயிர்க்கொல்லிக் கரைசலைத் தெளித்து 10 முதல் 15 நிமிடம் விட்டு, மறுபடி தேய்த்துக் கழுவுவார்கள். கறை அன்றே முழுவதும் போகாது. அடுத்த சில வாரங்களில் வெயிலிலும் மழையிலும் தானே வெளுக்கும்.

பிளீச்சைத் தொடாதீர்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் உடனே வெண்மை காட்டும், ஆனால் உப்பைக் கல்லுக்குள் விட்டுப்போகும். அந்த உப்பு உலரும்போது துளைகளுக்குள் படிகமாகி மேல்தோலை உள்ளிருந்து பெயர்க்கும். கம்பி பிரஷும் அதிவேக நீர்ப் பாய்ச்சலும் அதே அழிவை நேரடியாகச் செய்கின்றன. மங்கிய எழுத்தைப் படிக்க ஷேவிங் கிரீம், மாவு எதையும் பூச வேண்டியதில்லை. ஒரு கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து, சூரிய ஒளியைக் கல்லின் முகத்தில் சாய்வாக விழச் செய்தால், அரை மி.மீ. ஆழமுள்ள எழுத்துகூட நிழலாகத் தெரியும்.

பழுதுபார்ப்பதில் எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு: ஒட்டுவது கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் உடைந்த சலவைக்கற்களைப் போர்ட்லாந்து சிமென்ட்டில் புதைத்து நிறுத்தினார்கள். எண்ணம் நல்லது, விளைவு மோசம். சிமென்ட் விறைப்பானது, ஈரத்தையும் வெளியே விடாது. குளிரில் விரிசல் எப்போதும் சிமென்ட்டுக்குச் சற்று மேலே, கல்லில்தான் விழும். சுண்ணாம்புச் சாந்து அப்படியல்ல. ஒரு பங்கு நீரில் இறுகும் (ஹைட்ராலிக்) சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய கூர்மணல் கலந்தால், அசைவு வரும்போது சாந்து உடையும், கல் தப்பிக்கும். அடுத்த தலைமுறை அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம். சாந்து மெதுவாக இறுகும் என்பதால் சில நாட்கள் ஈரச் சாக்கால் மூடிவைக்க வேண்டும். உறைபனி விழும் காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. அடித்தளத்தையும் கல்லையும் இணைக்கும் பழைய இரும்பு முளைகளையும் அகற்றிவிட வேண்டும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்துத் துளையைச் சுற்றிக் கல்லைப் பிளக்கும். துருப்பிடிக்காத எஃகோ கண்ணாடியிழைக் கம்பியோ அந்த இடத்துக்குச் சரி.

சாய்ந்த பலகைக் கல்லை நிமிர்த்துவதற்கு முன் எடையைக் கணக்கிடுங்கள். 1.2 மீட்டர் உயரம், அரை மீட்டர் அகலம், 8 செ.மீ. தடிமன் உள்ள சலவைக்கல் சுமார் 130 கிலோ. சாய்ந்த கல் ஆளின் மேல் விழுந்தால் கால் போய்விடும், உயிரும் போகலாம். குழியில் முதலில் நொறுக்கிய ஜல்லி போட்டு இடித்து, மேலே மணல் பரப்பி, ரசமட்டம் வைத்து நேராக்க வேண்டும். நீர் வடிந்தால்தான் உறைபனி கல்லைத் தூக்காது. கல்லின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். தோண்டும்போது எலும்போ பெட்டித் தகடோ தென்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். அயோவாவில் 150 ஆண்டுக்கு மேற்பட்ட புதைப்புகள், இதே நகரத்தில் அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கும் மாநிலத் தொல்லியலாளர் அலுவலகத்தின் பொறுப்பில் வருகின்றன.

‘வெள்ளை வெண்கலம்’ என்ற பெயரில் விற்ற கல்லறைகள் உண்மையில் கிட்டத்தட்டத் தூய துத்தநாகம். 1886 முதல் 1908 வரை டி மொய்ன் நகரில் ஒரு துணை ஆலை இவற்றைச் செய்தது. நீலம் கலந்த சாம்பல் நிறம் இருந்து, தட்டினால் உள்ளே வெற்றிடம் ஒலித்தால் அது துத்தநாகம்தான். மேலே உருவாகும் துத்தநாக கார்பனேட் படலம் அடுத்த அரிப்பைத் தடுப்பதால் எழுத்துகள் நேற்று வார்த்தது போல இருக்கும். குறை வேறிடத்தில் இருக்கிறது. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸிலேயே உருகுவதால், சாதாரண வெப்பநிலையிலும் தன் எடையைத் தாங்கமாட்டாமல் மெதுவாக நசுங்கும். உயரமான தூண்களின் கீழ்ப் பலகைகள் வீங்கி, மூலை இணைப்புகள் விடுபடும். அதைத் தடுக்கச் சிலர் உள்ளே கான்கிரீட் ஊற்றினார்கள். துத்தநாகம் கான்கிரீட்டைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்ப விரிவு கொண்டது. உள்ளே தேங்கிய நீரும் உறையும். விரிசல் இன்னும் அகலும். சரியான வழி, உள்ளே துருப்பிடிக்காத எஃகுச் சட்டம் வைத்து எடையை அதன்மேல் இறக்குவது.

ஓக்லாந்தில் எல்லோரும் பார்க்க வருவது கறுப்புத் தேவதையைத்தான். பொஹீமியாவிலிருந்து குடியேறிய மருத்துவச்சி தெரேசா டொலெஸல் ஃபெல்டெவர்ட் என்பவரின் மகன் 1891இல் 18 வயதில் இறந்தான். பின்னர் தன் கணவரும் இறந்ததும், சிகாகோ சிற்பி மரியோ கோர்பெலிடம் அவர் செய்யச் சொன்ன வெண்கலச் சிலை இது. சுமார் எட்டரை அடி உயரம். 1912இல் ஊருக்கு வந்தது. 1924இல் இறந்த தெரேசாவின் அஸ்தியும் அதன் கீழே இருக்கிறது. சிலை கறுத்ததற்குச் சாபம், பாவம் என்று ஏராளமான கதைகள் உண்டு. உண்மையான காரணம் வெண்கலத்தில் இருக்கும் செம்பு. புதிய வெண்கலத்தில் முதலில் செந்நிறக் குப்ரைட் (செம்பு ஆக்சைடு) படலம் வரும். காற்றின் கந்தகமும் கரியும் சேர்ந்து அதைப் பழுப்பாகவும் கறுப்பாகவும் ஆக்கும். மழை வழியும் தடங்களில் செம்பு சல்பேட் பச்சைக் கோடாக இறங்கும்.

கறுப்பு தன்னளவில் நோயல்ல. பயப்பட வேண்டியது வெளிர்பச்சைத் தூள். வியர்வையிலிருந்தும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பிலிருந்தும் குளோரைடு சேர்ந்தால், அது ஈரத்தோடு கலந்து அமிலமாகி, செம்பை அரித்து, மறுபடி குளோரைடாகும். சுழற்சி தானாக நிற்காது. இந்தச் சிலையைத் தொட்டால் ஆபத்து என்ற கதையே தொட்டுப் பார்க்க ஆட்களை இழுப்பதால், உப்பும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்துகொண்டே இருக்கும். வெளியில் நிற்கும் வெண்கலத்துக்குப் பாதுகாப்பாளர்கள் செய்வது இது: நடுநிலை பி.எச். சோப்பு நீரால் கழுவி, நன்றாக அலசி, முழுவதும் உலர்த்தி, உலோகத்தை லேசாகச் சூடாக்கி, நுண்படிக மெழுகை மெல்லிய அடுக்காகப் பூசி, ஆறியதும் துணியால் துடைத்து மெருகேற்றுவது. தூள் விழும் இடத்தில் குளோரைடை நீக்காமல் மெழுகு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு அரிப்பு தொடரும். மெழுகு முதலில் தேய்வது இறக்கையின் மேல்மடிப்பு போன்ற, நீர் தங்கும் இடங்களில். ஆண்டுக்கொருமுறை அங்கே ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்ப்பார்கள். முத்தாகத் திரண்டு நின்றால் மெழுகு இருக்கிறது. பரவிவிட்டால் மறுபடி பூச வேண்டும்.