நெத்தியில தேய்ச்சுட்டு வையுங்க, ஆத்தா!

பவானிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஐம்பது வருஷம் குழித்தறியில் ஜமுக்காளம் நெய்தவர். மாசாமாசம் ரேஷன் கடையில் அவர் பெருவிரலை வைத்தால் மெஷின் எடுத்துக்கொள்வதில்லை. சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தாலும் எடுக்காது, விரலை மாற்றினாலும் எடுக்காது. வரிசை முனக ஆரம்பிக்கும்போது கடைக்காரர், “நெத்தியில நல்லாத் தேய்ச்சுட்டு வையுங்க ஆத்தா” என்பாராம். தேய்த்து வைத்தால் சில சமயம் ‘டிக்’ விழுந்துவிடும். வாசகியின் கேள்வி: “இது அறிவியலாங்க, இல்லை திருநீறு வைக்கிற இடம்கிற நம்பிக்கையாங்க?”

அறிவியல்தான். அதுவும் பள்ளிக்கூடத்து இயற்பியல்.

கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் அது தொடும் இடம் பெரியது. 2015-இல் ஐ.நா.வில் நாடுகள் சேர்ந்து 2030-க்குள் எட்ட வேண்டிய 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டன. இரண்டாவது இலக்கு பசி ஒழிப்பு. பதினாறாவதின் கீழ் எல்லோருக்கும் சட்டப்படியான அடையாளம் வேண்டும் என்று ஒரு வரி வருகிறது. இந்த இரண்டும் நம்மூரில் சந்திக்கிற இடம் ரேஷன் கடை மேஜைதான். ஒரு பக்கம் அரிசி, ஒரு பக்கம் ஆதார், நடுவில் உள்ளங்கையளவு கண்ணாடி. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ தமிழ்நாட்டுக்கு வந்ததோடு கைரேகையும் வந்தது. போலி அட்டை குறையும், திருப்பூருக்குப் பிழைக்க வந்த ஒடிசாக்காரரும் இங்கேயே தன் பங்கை வாங்கலாம். நல்ல ஏற்பாடு, ஆனால் அந்தக் கண்ணாடி விரலைப் பார்க்க வேண்டும்.

அது எப்படிப் பார்க்கிறது? வீட்டிலேயே பார்த்துவிடலாம். எவர்சில்வர் வேண்டாம், ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து சாய்வாக, தண்ணீர் வழியாக உள்பக்கச் சுவரைப் பாருங்கள். சுவர் வெள்ளி பூசியது போலப் பளபளக்கும், வெளியே இருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் விரல் அழுத்தியிருக்கிற இடத்தில் மட்டும் ரேகை கோடு கோடாகத் துலங்கி நிற்கும். விரலை லேசாக ஈரப்படுத்திவிட்டுப் பிடித்தால் இன்னும் அச்சுப்போலத் தெரியும். நான் இதை முதன்முதலில் பார்த்த அன்று ஒரு டம்ளர் தண்ணீரை முக்கால் மணி நேரம் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

நடப்பது முழு அக எதிரொளிப்பு. கண்ணாடிக்குள்ளிருந்து வெளியேறப் பார்க்கும் ஒளி மிகவும் சாய்வாக வந்தால் வெளியே போக முடியாது, அப்படியே திரும்பிவிடும். கண்ணாடிக்கு வெளியே காற்று இருந்தால் அந்த எல்லைக் கோணம் சுமார் 42 டிகிரி. தண்ணீர் இருந்தால் சுமார் 62. ரேஷன் கடைகளில் அதிகம் பார்க்கிற ஒளிவகைக் கருவிக்குள்ளும் ஒரு முப்பட்டகம் இருக்கிறது. அதன் அடியிலிருந்து ஒளி, 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், மேல் முகத்தில் வந்து மோதுகிறது. விரல் இல்லாதபோது வெளியே காற்று. 45 என்பது 42-ஐத் தாண்டிவிட்டதால் அத்தனை ஒளியும் திரும்பிக் கேமராவுக்குப் போகிறது, படம் வெளுப்பாக விழுகிறது.

இப்போது விரலை வையுங்கள். விரல் நுனி மஞ்சக்காட்டில் பார் பிடித்தது போல வரப்பும் வாய்க்காலுமாக இருக்கிறது. வரப்பு கண்ணாடியைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் காற்று இல்லை, ஈரமான தோல். அங்கே எல்லைக் கோணம் 60-ஐத் தாண்டிப் போய்விடுகிறது. 45 டிகிரியில் வந்த ஒளிக்குத் தடை நீங்கிவிட்டது, அது தோலுக்குள் நுழைந்து தொலைந்துபோகிறது. வாய்க்காலில் இன்னும் காற்றுதான், அங்கே ஒளி திரும்பி வருகிறது. ஆக வரப்பு கறுப்பு, வாய்க்கால் வெளுப்பு. மையே தொடாத ஒரு மைரேகை!

இதில் எல்லாம் ‘தொடுவதில்’தான் இருக்கிறது. கண்ணுக்குத் தொட்டது போலத் தெரிந்தாலும் ஒளிக்குத் தொட்டிருக்க வேண்டும். காய்ந்த, சொரசொரத்த விரலில் வரப்புக்கும் கண்ணாடிக்கும் இடையே மிக மெல்லிய காற்றுப் படலம் மாட்டிக்கொள்கிறது. அங்கங்கே ஒளி திரும்பிவிடுகிறது. கோடு புள்ளி புள்ளியாக உடைந்து விழுகிறது. வயதானால் வியர்வையும் குறையும், தோலும் விறைத்துப்போகும்.

இங்கேதான் நெற்றி வருகிறது. நம் உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் வியர்வைச் சுரப்பிகள் ஏராளம், எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. நெற்றியில் எண்ணெய்ச் சுரப்பிகள் அடர்ந்து கிடக்கின்றன. ஆத்தா நெற்றியைத் தேய்க்கும்போது, விரலுக்கு உடம்பு தராத ஒன்றை முகத்திடமிருந்து கடன் வாங்குகிறார். அந்த எண்ணெய் காற்றுப் படலத்தை விரட்டி இடைவெளியை நிரப்புகிறது. ஒளி விஷயத்தில் எண்ணெய் தண்ணீரைவிடக் கண்ணாடிக்கு நெருங்கிய உறவு. தேங்காய் எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.45, தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5. கடைக்காரர் இந்த எண்ணையெல்லாம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆயிரம் விரலைப் பார்த்தவர், கண்டுபிடித்துவிட்டார்.

அப்புறம் நடப்பது வேகமான வேலை. மெஷின் படத்தைப் படத்தோடு ஒப்பிடுவதில்லை. கோடு எங்கே முடிகிறது, எங்கே கவை போலப் பிரிகிறது, எந்தத் திசையில் என்று புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, ஆதாரில் பதிந்திருக்கும் புள்ளிகளோடு ஒத்துப்பார்க்கிறது. உடைந்த கோடு ஒவ்வொன்றும் இல்லாத ஒரு ‘முடிவை’ உண்டாக்கும். அம்மிச்சியின் விரலில் நிஜப் புள்ளிகள் தேய்ந்துபோய், பொய்ப் புள்ளிகள் முளைத்திருக்கின்றன. நூலைப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த வரப்பு அது. சாயப்பட்டறையில், தேங்காய் மட்டை உரிப்பதில், சிமெண்டு கலப்பதில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

என்னை உறுத்துகிற கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு மெஷின் நூற்றில் இரண்டு தடவை தவறுகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தவறு குலுக்கல் சீட்டு மாதிரி யார் மேலும் விழலாம் என்றால், ஒருவருக்கு மூன்று முறையும் தவறுகிற வாய்ப்பு பத்து லட்சத்தில் எட்டுதான், கவலையே வேண்டாம். ஆனால் அது குலுக்கல் இல்லை. போன மாசம் திரும்பிப் போன அதே ஆத்தாதான் இந்த மாசமும் திரும்பிப் போவார். ‘98 சதவீத வெற்றி’ என்று பலகையில் எழுதலாம், மிச்ச இரண்டும் எப்போதும் உழைத்துத் தேய்ந்த அதே கைகள்தான். 17 இலக்குகளை ஏற்றபோது ‘யாரையும் விட்டுவிட மாட்டோம்’ என்றும் உறுதி சொன்னார்கள். சராசரியைப் பார்த்து அந்த உறுதியைச் சரிபார்க்க முடியாது.

மாற்று வழி உண்டு, ஓடிபி. எங்கள் அம்மாவுக்கு மஞ்சள் வேகவைத்த கை, ரேகை விழாது. ஓடிபி போனது திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருந்த என் தம்பியின் போனுக்கு. போன் லாக்கரில் இருந்தது. அம்மா வெறும் பையோடு வந்தார். கைரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காக யாருக்கும் பொருள் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்தக் கடிதம் மேஜை வரைக்கும் வரவில்லை.

கோவையிலும் ஈரோட்டிலும் தடுக்கி விழுந்தால் ஒரு பொறியியல் கல்லூரி. நெசவாளி, சாயத் தொழிலாளி, கொத்தனார் விரல்களில் எந்தக் கருவி எவ்வளவு தவறுகிறது என்று ஊர் ஊராக அளக்க ஒரு ஆய்வு நிதி கொடுத்தால் என்ன? புதுச் செயலி திறப்பு விழாவின் பந்தல் செலவில் பாதி போதும். இன்னொரு பக்கம், குழந்தையின் பத்து விரல் ரேகையை எடுத்து இவன் டாக்டரா இன்ஜினியரா என்று சொல்கிற ‘டெஸ்ட்’டுக்குப் படித்தவர்களே ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்கள். ரேகை, தாய் வயிற்றில் ஆறு மாசத்துக்குள் அமைந்துவிடுகிறது, அதற்கும் கணக்குப் பாடத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நெற்றியில் தேய்ப்பதைச் சந்தேகப்பட்ட வாசகிக்கு என் வணக்கம், அந்தப் படித்தவர்களையும் இதைக் கொஞ்சம் சந்தேகப்படச் சொல்லுங்கள்.

சரி, அம்மிச்சிக்கு என்ன செய்யலாம்? கடைக்குக் கிளம்பும் முன் சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம், இருக்கிற பிசுக்கும் போய்விடும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டால் போதும். அதிகமானால் வாய்க்காலும் நிரம்பி எல்லாம் கறுப்பாகிவிடும். அமுக்கி வைக்கவும் கூடாது, வரப்பெல்லாம் நசுங்கி ஒன்றாகிவிடும். பத்து விரலையும் வைத்துப் பார்த்து எது நன்றாக விழுகிறதோ அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பல கடைகளில் கருவிழி பார்க்கும் மெஷினும் வந்திருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம். மூத்தவர்களுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டமும் 2025 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது.

இதையெல்லாம் வாசகிக்கு முன்பே எழுதி அனுப்பியிருந்தேன். போன வாரம் பதில் வந்தது. இடது கை மோதிர விரலை முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டதாம். “அந்த வெரலுக்குத் தறியில வேலையே இல்லை” என்றாராம் அம்மிச்சி. அரிசியும் சர்க்கரையும் கிடைத்தன, பாமாயில் மட்டும் ஸ்டாக் இல்லையாம். அதற்கு என்னிடம் இயற்பியல் இல்லை.