கியர் ராடுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ராடு

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் வழியில் தார் சீக்கிரமே முடிந்துவிடும். அதற்கப்புறம் கல்தான். மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டதால், கற்கள் முண்டும் முடிச்சுமாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளப் பக்கம் சுற்றித்தான் வர வேண்டும். சுமார் 8,000 அடி உயரம். சூரிய உதயம் பார்க்கிறவர்கள் விடிகாலை நாலு மணி வாக்கிலேயே ஜீப்பில் ஏறிவிடுவார்கள்.

நான் போன ஜீப்பில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தது. தார் முடிகிற இடத்தில் அவர் வண்டியை நிறுத்தினார். பெரிய கியர் ராடுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னும் இரண்டு ராடுகள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டார்.

"இது எதுக்குண்ணே?"

"இது முன் சக்கரத்துக்கு. அது லோ. லோ போட்டாத்தான் தம்பி, வண்டி நாம சொன்னபடி கேக்கும்."

அப்புறம் வண்டி ஏற ஆரம்பித்தது. நான் எதிர்பார்த்த உறுமல் இல்லை. எஞ்சின் நிதானமாகத் தட்டிக்கொண்டிருக்க, ஒவ்வொரு கல்லாக டயர் தடவிப் பார்த்து ஏறுவது போல இருந்தது. ஒரு ஆள் கூடவே நடந்து வந்திருக்கலாம், அந்த வேகம்தான். ஜீப்பின் முழு ரகசியமும் அந்த மெதுவில் இருக்கிறது. அந்த மெது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள 1940-க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. போர் தங்களையும் தேடி வரும் என்று அமெரிக்க ராணுவத்துக்குப் புரிந்துவிட்டது. அவர்களிடம் குதிரை இருந்தது, கோவேறு கழுதை இருந்தது, பக்கவாட்டுப் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள் இருந்தது. சேற்றில் இறங்கி ஏறும் சின்ன வண்டிதான் இல்லை. ஜூலையில் 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பினார்கள். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், எடை 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும், முதல் மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எடை நிபந்தனையைப் பார்த்தாலே நடக்காத காரியம் என்று தெரியும். பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை.

ஆர்வம் காட்டியவர்களில் ஒன்று, பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற சிற்றூரில் இருந்த அமெரிக்கன் பேண்டம் நிறுவனம். திவாலாகும் நிலையில் இருந்த சின்ன கார் கம்பெனி அது. வண்டியை வரையத் தனியாக ஒரு பொறியாளர்கூட அவர்களிடம் இல்லை. டெட்ராய்ட்டில் இருந்த கார்ல் புரோப்ஸ்ட் என்பவரை அழைத்து வந்தார்கள். அவர் இரண்டே நாளில் முழு வண்டிக்கும் வரைபடம் போட்டார். செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, மேரிலாந்தில் ராணுவச் சோதனைத் திடலுக்குள் அந்த வண்டி நுழைந்தது. எடை நிபந்தனையைத் தாண்டித்தான் இருந்தது. ஆனால் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு வண்டி பிடித்துவிட்டது. பிறகு ராணுவமே எடை வரம்பை 980 கிலோவாக உயர்த்தியது.

இதற்கப்புறம் நடந்தது எனக்கு இன்றைக்கும் மனசை உறுத்தும் சங்கதி. பேண்டம் சின்னக் கம்பெனி, ஆயிரக்கணக்கில் வண்டி செய்து தர முடியாது என்று ராணுவம் நினைத்தது. வரைபடத்தை வில்லிஸ்-ஓவர்லேண்டுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. ஓஹியோ மாநிலம் டொலிடோவில் இருந்த வில்லிஸிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது: டெல்மர் ரூஸ் என்ற பொறியாளர் மெருகேற்றிய 2.2 லிட்டர் எஞ்சின். 60 குதிரைத்திறன். பேண்டம், ஃபோர்டு வண்டிகளைவிட நன்றாக அதிகம். ஆனால் எஞ்சின் கனமானது. எஞ்சினை மாற்றச் சொன்னபோது ரூஸ் மறுத்து, வண்டியைப் பிரித்துப் போட்டு, போல்ட்டின் நீளத்திலிருந்து பெயின்ட் பூச்சு வரை எல்லாவற்றிலும் எடையைச் சுரண்டி எடுத்தார் என்று சொல்வார்கள். 1941-இல் பெரிய ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. வில்லிஸின் வரைபடத்தை வைத்து ஃபோர்டும் செய்தது. போர் முடிவதற்குள் இரண்டு பேருமாகச் சுமார் 6.4 லட்சம் ஜீப்புகள். பேண்டம் செய்தது சுமார் 2,700. மிச்சக் காலம் அது ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் செய்துகொண்டிருந்தது. தானே ஜீப்பைப் படைத்ததாக வில்லிஸ் விளம்பரம் செய்தது தவறு என்று 1948-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தீர்ப்பளித்தது. ஆனால் பெயர் வில்லிஸுக்கே போய்ச் சேர்ந்தது. ஜீப் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. பாப்பாய் சித்திரக்கதையில் 1936-இல் வந்த, எங்கும் போகக்கூடிய ஒரு விசித்திரப் பிராணியின் பெயர் அது என்பது ஒரு கட்சி. ஃபோர்டு தன் வண்டிக்கு வைத்த ஜி, பி என்ற எழுத்துகளைச் சேர்த்து உச்சரித்தார்கள் என்பது இன்னொரு கட்சி.

சரி, அந்த 60 குதிரைத்திறனுக்கு வருவோம். இன்றைக்குக் கடைத்தெருவில் நிற்கும் சின்ன கார்கள் பலவற்றின் எஞ்சின் அதைவிடச் சக்தி வாய்ந்தது. ஆனாலும் அந்த கார்களை எடுத்துக்கொண்டு யாரும் கொழுக்குமலை ஏறுவதில்லை. காரணம் பல் சக்கரங்களில் இருக்கிறது.

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ராட்டினத்தில் ஒரு கப்பிக்குப் பதில் இரண்டு கப்பி போட்டால் இழுவை பாதியாகும், ஆனால் இரண்டு மடங்குக் கயிற்றை இழுக்க வேண்டியிருக்கும். கியரும் இதே கணக்குதான். எஞ்சின் பல தடவை சுற்றி, சக்கரம் ஒரு தடவை சுற்றினால், வேகம் குறையும். அதே அளவுக்குத் திருகுவிசை, அதாவது சுற்றும் பலம், கூடும். போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் முதல் கியர் 2.67 மடங்கு. பின் ஆக்சிலில், அதாவது பின் சக்கர அச்சில், இருக்கும் கிரவுன் பினியன் என்ற பல் சக்கர ஜோடி 4.88 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 13. சாதாரண ரோட்டுக்கு இது போதும். கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு குட்டிப் பல் சக்கரப் பெட்டி இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பார்கள். ஓட்டுநர் போட்ட "லோ" இதற்குள் இருக்கிறது. அது 1.97 மடங்கு. இப்போது மொத்தப் பெருக்கல் சுமார் 26. எஞ்சின் 26 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு சுற்று.

இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த எஞ்சினின் அதிகபட்சத் திருகுவிசை சுமார் 14.5 கிலோகிராம்-மீட்டர். அதை 26-ஆல் பெருக்கி, டயரின் ஆரமான சுமார் 36 சென்டிமீட்டரால் வகுத்தால், டயர் தரையைத் தள்ளும் விசை ஏறக்குறைய 1,000 கிலோ எடைக்குச் சமம். உராய்வில் போகிறதைக் கழிக்காத கணக்கு இது. வண்டியின் எடையே சுமார் 1,100 கிலோதான்! கிட்டத்தட்டத் தன் எடையைத் தானே தூக்கிவிடும் அளவுக்கு விசை. எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று என்று மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும்போது வண்டியின் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் சொச்சம். கொழுக்குமலையில் நான் பார்த்த நடை வேகம் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

இவ்வளவு விசை இருந்தும் டயர் வழுக்கினால் பயன் இல்லை. டயரின் பிடி, அதன் மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில், பின் பக்க எடை மட்டுமே பிடிக்கு உதவும். முன் பக்க எடை வெறும் சுமை. நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டியின் ஒவ்வொரு கிலோவும் வேலை செய்கிறது.

அதைச் செய்வது பேச்சில்தான் சுலபம். முன் சக்கரம் ஒரே நேரத்தில் சுற்றவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். சக்கரத்தைச் சுற்றும் தண்டான ஷாஃப்டில் சாதாரணமாக மாட்டும் கிராஸ் ஜாயின்ட், வளைந்த நிலையில் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஸ்டீயரிங்கில் அது உதைக்கும். அதனால் பள்ளங்களுக்குள் உருளும் எஃகுக் குண்டுகள் வைத்த பெண்டிக்ஸ் ஜாயின்ட், குண்டில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் டிராக்டா ஜாயின்ட் என்று, சீராகச் சுற்றும் சில வகைகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள். பழைய ஜீப்பின் முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், தேங்காய் அளவில் வழவழப்பாக ஓர் இரும்பு உருண்டை தெரியும். அந்த ஜாயின்ட் அதற்குள்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வளைவில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இதற்காகத்தான் ஆக்சிலின் நடுவில் டிஃபரன்ஷியல் வைத்திருக்கிறார்கள். அது இரண்டு பக்கத்துக்கும் திருகுவிசையைச் சமமாகப் பங்கிடும். இந்தச் சமத்துவம் சேற்றில் காலை வாரிவிடும். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால் அதற்குத் தேவைப்படும் விசை மிகக் குறைவு. அந்தக் குறைந்த விசைதான் கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒரு சக்கரம் விர்ரென்று சுற்ற, மற்றது அசையாமல் நிற்பதை மழைக்காலத்தில் மண் ரோட்டில் எல்லாரும் பார்த்திருப்போம். ஃபோர் வீல் போட்டுவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் இறுக்கிப் பூட்டிவிடுகிறது. இனி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரம் சேர்ந்து வழுக்கினால்தான் வண்டி நிற்கும். முன் இடதும் பின் வலதும் பள்ளத்துக்கு மேல் தொங்கினால் ஜீப்பும் மாட்டிக்கொள்ளும். நல்ல ஓட்டுநர் கல்லைப் பார்க்கும்போது இதைத்தான் பார்க்கிறார்: நான்கு கால்களில் எது எது தரையில் இருக்கும் என்று.

போர் முடிந்த பிறகு உலகம் இந்த ஏற்பாட்டை விடவில்லை. வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவில் இருந்த தன் பண்ணையில் ரோவர் கார் கம்பெனியின் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் ஒரு பழைய ராணுவ ஜீப்பை வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் 1948-இல் லேண்ட் ரோவர் வந்தது. அதன் முதல் சோதனை வண்டியே ஜீப்பின் சேஸிஸ் மேல் கட்டியது. டொயோட்டா 1951-இல் செய்த ஜீப் மாதிரி வண்டி, ஃபூஜி மலையின் ஆறாவது நிலையம் வரை ஏறியது. பின்னாளில் லேண்ட் குரூசர் ஆனது அதுதான். பம்பாயில் மகிந்திரா 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைப் பூட்டி விற்க ஆரம்பித்து, பிறகு முழுவதும் இங்கேயே செய்தது. வில்லிஸ் 1953-இல் கொண்டுவந்த, பானெட் உயர்ந்த சிஜே-3பி உருவம்தான் நம் ஊரில் பல பத்தாண்டுகள் ஓடியது. போலீஸ், வனத்துறை, தேர்தல் பிரசாரம் என்று எல்லாவற்றுக்கும் அதே வண்டி. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறவர்கள் இன்றும் ஜீப்பில் நெருக்கியடித்துத்தான் போகிறார்கள். ஜீப் என்ற முத்திரையோ டொலிடோவிலிருந்து கைசர், ஏஎம்சி, கிரைஸ்லர் என்று கைமாறி இப்போது ஸ்டெல்லாண்டிஸிடம் இருக்கிறது. மகிந்திரா அமெரிக்காவில் விற்ற ராக்ஸர் வண்டி, ஜீப்பின் தோற்றத்தைக் காப்பியடித்திருக்கிறது என்று 2020-இல் அங்கே தீர்ப்பு வந்தது. வாதம் நடந்தது பானெட், ஃபெண்டர், கிரில் பற்றி. போரின்போது, கம்பிகளை ஒவ்வொன்றாக வெல்டிங் வைப்பதைவிடத் தகட்டை அழுத்தி எடுப்பது சல்லிசு என்று ஃபோர்டு கண்டுபிடித்த கிரில்லின் வாரிசு அது.

எனக்கு ஜீப்பில் ரொம்பப் பிடித்தது போர்க்கால வண்டியின் முகப்பு விளக்கு. ஒரு திருகைத் தளர்த்தினால் விளக்கை அப்படியே பின்பக்கம் திருப்பி எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டலாம். ராத்திரியில் நடுக்காட்டில் வண்டி நின்றால் சரி செய்கிறவனுக்கு வெளிச்சம் வேண்டுமே என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போதும் ஓட்டுநர் லோவிலேயே வந்தார். பிரேக்கை அநேகமாக அவர் தொடவேயில்லை. ஏறும்போது எஞ்சின் சக்கரத்தைச் சுற்றியது. இறங்கும்போது சக்கரம் எஞ்சினை 26 மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது, எஞ்சின் அதற்கு இணங்காமல் வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். எஞ்சினுக்கு அந்தக் கவலை இல்லை.

தார் ரோடு வந்ததும் முன் சக்கர ராடை எடுக்கப் பார்த்தார். அது அசையவில்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. கல்லிலும் மண்ணிலும் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்காது. பூட்டிக் கிடக்கும் ஷாஃப்டுகள், பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொள்ளும்; பல் சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு விடாது. கடைசி இரண்டு வளைவை நாங்கள் தாரில்தான் திரும்பியிருந்தோம்.

"மொறுக்கிக்கிச்சு," என்றார். ராடை பலவந்தம் பண்ணவில்லை. ரிவர்ஸ் போட்டு, வந்த வளைவிலேயே வண்டியை இரண்டு முழம் பின்னால் விட்டார். அடியில் எங்கோ டக் என்று ஒரு சத்தம். ராடு இரண்டு விரலில் வந்துவிட்டது.