புது சோயா மெழுகைச் சோதிப்பது: வாசனைக்கு முன்னால் திரி

வேறு நிறுவனத்தின் சோயா மெழுகு வந்திறங்கியதும் மெழுகுவர்த்தி செய்யும் பலர் பழைய திரி, பழைய வாசனை எண்ணெய், பழைய அளவு எல்லாவற்றையும் அப்படியே போட்டு ஊற்றிவிடுகிறார்கள். வர்த்தி சரியாக எரியாவிட்டால் குறை எதில் என்று பிறகு பிரித்தறிய முடியாது. முதல் ஊற்று வாசனையும் சாயமும் சேராத வெறும் மெழுகாக இருக்கட்டும்.

சோயா மெழுகு என்பது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சோயா எண்ணெய். வனஸ்பதிக்கு உறவு, பெட்ரோலியத்திலிருந்து வரும் வழக்கமான மெழுகான பாரஃபினுக்கு அல்ல. ஹைட்ரஜன் முழுக்க ஏறினால் அது 65 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். குவளையில் ஊற்றும் வகைகளைப் பெரும்பாலும் 45 முதல் 52 டிகிரிக்குள் உருகும்படி தயாரிக்கிறார்கள். கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்க்காரர்கள் தரவுத்தாளில் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான். 46 டிகிரியில் உருகுகிற மெழுகு, மூடிய பார்சல் வண்டிக்குள்ளேயே இளகி எண்ணெய் கசியும்.

கொழுப்பின் மூலக்கூறு பாரஃபினுடையதைவிடப் பெரியது. உருகினாலும் குழகுழப்பு அதிகம், திரியின் நூலிடுக்கில் மெதுவாகத்தான் ஏறும். அதனால் ஒரே குவளைக்குப் பாரஃபினைவிடச் சற்றுப் பருத்த திரி வேண்டியிருக்கும். சோயாவிலேயே ஒரு வகைக்கும் இன்னொன்றுக்கும் இந்தக் குழகுழப்பு மாறும். மெழுகு மாறினால் திரியையும் மறுபடி சோதிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

உள்விட்டம் 7 செ.மீ. உள்ள நான்கு கண்ணாடிக் குவளைகளை எடுங்கள். ஒரே ரகத் திரியில் அடுத்தடுத்த நான்கு அளவுகளை ஆளுக்கொன்றாக ஒட்டுங்கள். குவளைக்கு 200 கிராம் மெழுகு. தராசில்தான் நிறுக்க வேண்டும், மில்லிலிட்டர் கணக்கு ஏமாற்றும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 80–85 டிகிரி வரை சூடாக்கி, 55–60 டிகிரிக்கு ஆறியதும் ஊற்றுங்கள். அவ்வளவு சூடாக்குவது பழைய படிகங்களின் மிச்சம்கூட இல்லாமல் கரைவதற்காக. குவளைகளுக்கிடையே நான்கு விரல் இடைவெளி விடுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

ஆறிய மெழுகின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் பதற வேண்டாம். நெய் ஒருநாள் வழவழவென்றும் ஒருநாள் மணல்மணலாகவும் உறைகிறதே, அதே விஷயம்தான். கொழுப்பு ஒன்றுக்கு மேற்பட்ட படிக வடிவங்களில் உறையும், முதலில் வந்த நிலையற்ற வடிவம் நாளடைவில் நிலையான வடிவத்துக்கு மாறும். அறையின் வெப்பம் ஏறி இறங்க ஏறி இறங்கப் பூப்பது கூடும். கண்ணாடியோரம் ஈரத்திட்டு போலத் தெரிவது, மெழுகு சுருங்கிச் சுவரை விட்டு விலகிய இடம். இரண்டும் அழகுக் குறைகள், எரிவதைப் பாதிக்காது. திரியருகே குழி விழுந்தால் மட்டும் குச்சியால் கிளறிப் பாருங்கள். மேற்பரப்பு முதலில் இறுகியதால் உள்ளே பொந்து இருக்கலாம். ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டி உருக்கி நிரப்பலாம்.

படிகங்கள் மாறி முடியாத மெழுகு ஊற்றிய மறுநாளே எரிந்தால் தவறான விடை சொல்லும். வெறும் மெழுகுக்குச் சில நாட்கள், வாசனை சேர்த்ததற்கு ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள்.

எரிக்கும் முன் திரியை 6 மி.மீ.க்கு வெட்டி, குவளையை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் எரித்து அணைத்து, ஆறியதும் மறுபடி நிறுங்கள். இந்த அளவுக் குவளையில் மணிக்கு ஏறத்தாழ 3 முதல் 5 கிராம் குறைவது வழக்கம். மூன்று, நான்கு மணிக்குள் உருகிய குளம் சுவரைத் தொட வேண்டும், அல்லது ஓரத்தில் மெல்லிய வளையம் மட்டும் விட்டு நெருங்க வேண்டும்; ஆழம் 12 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. திரி நுனியில் கரிக்காளான், ஆடும் சுடர், புகை தெரிந்தால் திரி பெரியது. நடுவில் கிணறு வெட்டினாற்போல் எரிந்து சுடர் மூழ்கினால் சிறியது.

முதல் எரிப்பை வைத்துத் தீர்ப்பெழுதுவதுதான் மிகப் பெரிய பிழை. குவளை பாதிக்குக் கீழே காலியான பிறகு கண்ணாடிச் சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலே கச்சிதமாக எரிந்த திரி, கடைசி மூன்றில் ஒரு பங்கில் கண்ணாடியைத் தொட முடியாதபடி சுடவைக்கும். முதல் தடவை ஓரத்தில் மெல்லிய வளையம் விட்டு எரிந்த திரியே பெரும்பாலும் கடைசிவரை தாங்கும். அந்த வளையம் பின்னால் தானே உருகிவிடும்.

திரி முடிவான பிறகே வாசனை. 6 விழுக்காட்டில் தொடங்குங்கள்: 200 கிராமுக்கு 12 கிராம், 75–80 டிகிரியில் சேர்த்து இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்க வேண்டும். கனமான எண்ணெய்கள் திரியை அடைக்கும் என்பதால், தேர்ந்த திரியையும் அதற்கு அடுத்த பெரிய அளவையும் சேர்த்தே எரித்துப் பாருங்கள். மெழுகு ஏற்கும் வரம்பை மீறி ஊற்றினால் எண்ணெய் பிரிந்து தேங்கும், தீப்பிடிக்கவும் கூடும். வாசனை போதவில்லை என்றால் எண்ணெயைக் கூட்டுமுன் குளம் ஒழுங்காக விரிகிறதா என்று பாருங்கள். மணம் கிளம்புவது அங்கிருந்துதான்.

எந்தச் சோதனையிலும் அடியில் 12 மி.மீ. மெழுகு மிஞ்சும்போது அணைத்துவிடுங்கள். அதற்குக் கீழே போனால் திரிப்பிடியின் (திரியை அடியில் நிறுத்தும் உலோகத் தகட்டின்) சூடு நேராக அடிக்கண்ணாடிக்கு இறங்கி விரிசல் விடும்.