வலியோடு ஆடிய நாயகர்களும் வலியை மறைக்கும் பிள்ளைகளும்

கோல்ஃப் மைதானத்தை நேரில் பார்த்தே இராத நம் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அமெரிக்க கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸை எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள், அவர்கள் கையிலிருக்கும் மொபைலை ஒரு முறை வாங்கிப் பார்க்கலாம். என்னிடம் இயன்முறை சிகிச்சைக்கு வரும் பள்ளி வயது வீரர்களில் பெரும்பாலோர் கோட்டை மைதானத்திலோ பாலாற்று மணலிலோ கிரிக்கெட் ஆடுபவர்கள்தாம். ஆயினும், "கால் எலும்பு உடைஞ்சே ஜெயிச்சாரு சார், எனக்கு வெறும் இடுப்பு வலிதானே" என்று குடியாத்தத்திலிருந்து வந்த எட்டாம் வகுப்பு மாணவன் சொன்னபோது, அருகில் இருந்த அவன் தந்தையின் முகத்தில் பெருமைதான் தெரிந்தது.

அவன் சொன்னது உண்மையே. 2008-ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியில், இடது முழங்காலின் தசைநார் கிழிந்து, இடது கீழ்க்கால் எலும்பில் விரிசல்கள் இருந்த நிலையில், ஓய்வெடுக்குமாறு மருத்துவர்கள் சொல்லியும், உட்ஸ் நான்கு நாள் ஆடி, ஐந்தாம் நாள் கூடுதல் ஆட்டமும் ஆடிக் கோப்பையை வென்றார். பிள்ளைகள் பார்க்கும் ஒரு நிமிடக் காணொளி அதோடு முடிந்துவிடுகிறது. சில நாட்களில் அவர் முழங்கால் அறுவை சிகிச்சைக்குச் சென்றதும், அந்த ஆண்டின் எஞ்சிய போட்டிகள் எதிலும் ஆட முடியாமல் போனதும், 2014 முதல் 2017 வரை முதுகில் மட்டும் நான்கு அறுவை சிகிச்சைகள் நடந்ததும் அதில் இல்லை. அவற்றில் கடைசி சிகிச்சையில் கீழ்முதுகின் எலும்புகளையே ஒன்றாகச் சேர்த்தார்கள். 2019-இல் அவர் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை வென்றது அதற்குப் பிறகுதான்.

கோல்ஃப் அடியும் வேகப்பந்து வீச்சும் பார்வைக்கு வேறு வேறாக இருந்தாலும், உடல் திரும்பிக்கொண்டே வளைவது இரண்டிலும் உண்டு. அந்தச் சுமையில் பெரும்பங்கு கீழ்முதுகில்தான் இறங்குகிறது. வளரும் வயதில் இது நாள்தோறும் திரும்பத் திரும்ப நடந்தால், முள்ளெலும்பின் பின்புறத்திலுள்ள மெல்லிய பகுதியில் விரிசல் விழக்கூடும். அந்த மாணவனை ஒற்றைக் காலில் நிற்கவைத்து மெல்லப் பின்னால் வளையச் சொன்னேன். வலது காலில் நின்றபோது ஒன்றும் சொல்லவில்லை. இடது காலுக்கு மாறியதும் இடுப்பின் இடப்பக்கத்தில் ஓர் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினான். வலக்கையால் பந்துவீசுபவனுக்கு இடப்பக்கத்தில் இப்படி வலித்தால் அலட்சியம் செய்யக்கூடாது. இது நோயை உறுதிப்படுத்தும் சோதனை அன்று. எலும்பு மருத்துவரிடம் அனுப்பத் தூண்டும் குறிப்பு மட்டுமே. தொடக்க நிலை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பதால், எம்.ஆர்.ஐ. தேவைப்படுவதுண்டு.

நம் ஊரில் இந்த வலிக்கு முதலில் கிடைக்கும் பெயர் சுளுக்கு. எண்ணெய் தேய்த்து நீவுகிறார்கள். சிலர் புத்தூர்க் கட்டுக்கும் போய்வருகிறார்கள். விரிசல் விட்ட எலும்பை அழுத்தி நீவுவதால் பயன் இல்லை என்பதோடு, அதில் கழியும் வாரங்களும் நட்டம். ஆடிய களைப்பால் வரும் தசைவலி இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். பின்னால் வளையும்போது ஒரே பக்கம் குத்தும் வலி, பந்துவீசிய நாளில் கூடி ஓய்வு நாளில் குறையும் வலி, இரண்டு வாரம் தாண்டியும் விடாத வலி ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, கால் மரத்துப்போனாலோ அன்றே போகவேண்டும்.

விளையாட்டு வீரர்களை நாயகர்களாகக் கொள்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ரீல்ஸில் பைக்கைத் தூக்கி ஓட்டுபவர்களைவிட உட்ஸ் எவ்வளவோ மேல். நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கமும் 2018 காமன்வெல்த் போட்டியில் தொடைத் தசைக் காயத்தோடுதான் பளு தூக்கித் தங்கம் வென்றார். ஆனால் அப்போது அவருக்கு வயது 25. 2008-இல் உட்ஸுக்கு 32. இருவருமே வளர்ச்சி முடிந்த உடலோடு, விளைவு தெரிந்து எடுத்த முடிவு அது. பதின்மூன்று வயதில் அந்த முடிவை எடுக்கும் உரிமையைப் பிள்ளைக்கோ பயிற்சியாளருக்கோ பெற்றோர் கொடுத்துவிடக்கூடாது.

இத்தகைய விரிசலுக்கு மூன்று மாதமோ அதற்கு மேலுமோ விளையாட்டை நிறுத்த நேரிடலாம். மருத்துவரிடம் கடிதம் வாங்கும்போது வெறுமனே 'ஓய்வு' என்று எழுதி வாங்காதீர்கள். பந்துவீச்சு கூடாது, நடக்கலாம், இன்ன பயிற்சி செய்யலாம், மறுபரிசோதனை இன்ன தேதியில் என்று விவரமாகக் கேட்டு வாங்கி, அதன் நகலைப் பி.டி. ஆசிரியரிடம் நேரில் கொடுங்கள். பிள்ளையின் பையில் போட்டு அனுப்பினால், அடுத்த மேட்ச் முடியும் வரை அது பையிலேயேதான் இருக்கும்.